ஒரிஜின்ஸா, ஒடிசியா, வல்ஹாலாவா, கிங்டம் கமா? ஒன்றே ஒன்று வாங்குவதானால்

"சேல் போட்டிருக்கிறார்கள், ஒன்றுதான் வாங்கப் போகிறேன், எதை வாங்கட்டும்?" வரலாற்றுக் காலத்தில் நடக்கும் பெரிய ஓப்பன் வேர்ல்டு (விரும்பிய பக்கம் சுற்றித் திரியலாம்) கேம்களை விளையாடுகிறவன் என்று தெரிந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் ஒரு மணி நேரம், ஞாயிறு மதியம் கொஞ்சம், அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைக்கும். பட்டியலில் திரும்பத் திரும்ப நிற்பவை நான்கு: யூபிசாஃப்ட் நிறுவனத்தின் அசாசின்ஸ் கிரீட் வரிசையில் வந்த ஒரிஜின்ஸ், ஒடிசி, வல்ஹாலா, அப்புறம் செக் நாட்டு வார்ஹார்ஸ் ஸ்டுடியோ செய்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ்.

மேப் எவ்வளவு பெரியது, எத்தனை ஆயுதம், எத்தனை மணி நேரம் என்று ஒப்பிட்டுப் பார்த்தே பலர் முடிவெடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் இந்த கேம்களைக் கடைசிவரை முடித்தவர்களைவிடப் பாதியில் நிறுத்தியவர்கள்தான் அதிகம். அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு. பாதியில் நின்றுபோனாலும் கொடுத்த காசுக்கு எதில் நிறைவு இருக்கும்?

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நேரம். மொத்தம் எத்தனை மணி என்பதைவிட அதில் எவ்வளவு கட்டாயம் என்பதுதான் முக்கியம். சைடு குவெஸ்ட் (மெயின் கதைக்கு வெளியே வரும் சிறு வேலைகள்) நூறு இருந்தாலும் பிடித்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். மெயின் ஸ்டோரியின் அடுத்த கட்டத்துக்கு இன்னும் நாலு லெவல் ஏறி வா என்று கேம் வாசலை மறித்து நின்றால், அந்த நேரம் நம் கையில் இல்லை.

அடுத்தது, விட்டுத் திரும்புவது. ஆபீஸில் நெருக்கடி, ஊரில் கல்யாணம், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஒரு மாதம் கேம் பக்கமே போகாமல் இருக்கலாம். திரும்பி வந்து லோட் செய்தால் கதையும் கையும் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன? வாங்கும் முன் யாரும் இதை யோசிப்பதில்லை. கேமைக் கைவிட வைப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, வரலாறு எங்கே இருக்கிறது. நான்கிலும் வரலாறு உண்டு, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றில் கட்டடங்களில், இன்னொன்றில் மனிதர்களில், வேறொன்றில் சட்டைக் கறையில்.

கடைசியாக, விலைப்பட்டியலில் தெரியாத செலவு: டிஸ்க் இடம், டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்), கேமுக்குள் இருக்கும் கடை, பழைய பிசி படும் பாடு. கிராபிக்ஸை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கும் இன்றைக்கும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கின்றன.

| | ஒரிஜின்ஸ் | ஒடிசி | வல்ஹாலா | கிங்டம் கம் |
|---|---|---|---|---|
| வெளியீடு | அக்டோபர் 2017 | அக்டோபர் 2018 | நவம்பர் 2020 | பிப்ரவரி 2018 |
| இடம், காலம் | எகிப்து, கி.மு. 49 முதல் | கிரேக்கம், கி.மு. 431 முதல் | இங்கிலாந்து, கி.பி. 873 முதல் | போஹீமியா, கி.பி. 1403 |
| மெயின் ஸ்டோரி மட்டும், ஏறக்குறைய | 30 மணி | 45 மணி | 60 மணி | 40 மணி |
| விட்டுத் திரும்ப | சுலபம் | பரவாயில்லை | மிகச் சுலபம் | கஷ்டம் |
| வரலாறு இருக்கும் இடம் | நகரங்கள், கோயில்கள் | பெயர்பெற்ற மனிதர்கள் | குடியேற்றம், கூட்டணி | அன்றாட வாழ்க்கை |
| மறைந்திருக்கும் செலவு | சிபியு | நேரம் | டிஸ்க், டிஎல்சி | பொறுமை |

## ஒரிஜின்ஸ்: அளவு தெரிந்த கேம்

கிளியோபாட்ராவும் அவள் தம்பி பதின்மூன்றாம் தாலமியும் அரியணைக்கு அடித்துக்கொள்ளும் எகிப்து. சீவா பாலைவனச் சோலையைச் சேர்ந்த பாயெக் மகனைப் பறிகொடுத்தவன். அதற்குக் காரணமானவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். மனைவி அயா அலெக்சாந்திரியாவில் வேறொரு வழியில் அதே வேட்டையை நடத்துகிறாள். கதை இவ்வளவுதான். நேர்க்கோட்டில் போவதால் ஒரு மாதம் கழித்து வந்தாலும் குழப்பம் வராது. யாரைத் தேடுகிறோம் என்பது மெனுவிலேயே இருக்கும்.

விளையாடியவர்கள் பாயெக்கைப் பற்றிப் பேசும்போது சண்டையைவிட அவன் குழந்தைகளோடு பேசும் விதத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். மேப்பில் அங்கங்கே கல் வட்டங்கள் இருக்கும். அங்கே உட்கார்ந்து வானத்து நட்சத்திரங்களை வரிசைப்படுத்தினால், மகனுக்கு எப்போதோ சொன்ன கதையை நினைத்துப் பார்ப்பான். ரிவார்டுக்காகச் செய்யத் தொடங்கி, கதைக்காகத் தேடிப் போகிற சைடு வேலை அது.

மெம்பிஸ் நகரம் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தா என்னும் கடவுளின் தலைமைப் பூசாரி பாஷெரென்தாவும் அவர் மனைவி தாயிம்ஹோதெப்பும் அங்கே வருவார்கள். புனிதமான ஏபிஸ் காளைக்கு உடம்பு சரியில்லை, அந்த அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை, ஊரே சாபம் என்று முணுமுணுக்கிறது. கற்பனைப் பாத்திரங்கள் என்று நினைத்துக் கடந்துவிடத் தோன்றும். இருவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். தாயிம்ஹோதெப்பின் நினைவுக்கல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பிறகு ஆண் பிள்ளை வேண்டிக் கடவுளிடம் முறையிட்டதை அந்தக் கல்வெட்டே சொல்கிறது. கேம் அதை எடுத்து ஒரு சிறு துப்பறியும் கதையாக்கியிருக்கிறது.

மீறல்களும் உண்டு. பாயெக் தன்னை மெட்ஜாய் என்று சொல்லிக்கொள்கிறான். அந்தக் காவல்படைப் பெயர் வழக்கொழிந்து அதற்குள் ஆயிரம் ஆண்டு ஆகியிருந்தது. கடைசி எஜமானில்லாக் காவலன் என்ற அழகான எண்ணத்துக்காக அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கதையின் கடைசிப் பகுதி அயாவிடம் கைமாறும்போது மூச்சுவாங்க ஓடுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

2018 பிப்ரவரியில் டிஸ்கவரி டூர் என்று ஒன்றை இலவசமாகச் சேர்த்தார்கள். சண்டை கிடையாது, 75 வழிகாட்டிச் சுற்றுலாக்கள். உடலை மம்மியாகப் பதனிடும் கூடம், பேக்கரி, நூலகம் என்று நடந்தே பார்க்கலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட இதைவிட நல்லது நான்கிலும் இல்லை. பள்ளிகளை மனதில் வைத்து அதில் நிர்வாணச் சிலைகளுக்குச் சிப்பி ஒட்டி மறைத்திருப்பார்கள். சிலையைவிட அந்தச் சிப்பிதான் கண்ணை இழுக்கும்.

இந்த வகை கேமுக்குப் புதியவர், மூன்று மாதத்துக்குள் ஒன்றை முழுசாக முடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர், வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை உள்ளவர் என்றால் இதுதான்.

## ஒடிசி: அலைய ஆசைப்படுபவர்களுக்கு

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போர் தொடங்கும் கி.மு. 431. ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸின் பேத்தி கசாண்ட்ராவாகவோ பேரன் அலெக்சியோஸாகவோ விளையாடலாம். கசாண்ட்ராவை எடுங்கள். குரல் கொடுத்தவர் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கேலிச் சிரிப்பையும் சலிப்பையும் சேர்த்திருக்கிறார், நூறு மணி நேரம் கேட்டாலும் அலுக்காது.

கூலிக்குச் சண்டை போடும் ஆள் நீங்கள். ஏதென்ஸுக்கும் வேலை செய்யலாம், ஸ்பார்ட்டாவுக்கும் செய்யலாம். கப்பல் உண்டு, மாலுமிகள் கிரேக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே துடுப்பு வலிப்பார்கள். கப்பலில் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வந்து உட்கார்ந்து குறிப்பெடுப்பார். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் வீட்டு விருந்தில் அல்கிபியாடிஸைச் சந்திப்பீர்கள். சாக்ரடீஸ் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார், எந்தப் பதில் சொன்னாலும் அதிலேயே உங்களை மடக்குவார். பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் படித்தவர்கள் எதிரே நின்று நம்மைச் சீண்டுகிற அனுபவம் மற்ற மூன்றிலும் இந்த அளவுக்கு இல்லை. கோயில்களும் சிலைகளும் வெள்ளைப் பளிங்காக இல்லாமல் சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசி நிற்பதும் ஆராய்ச்சியாளர்கள் சொல்வதற்கு இசைவானதே.

ஒரு சின்ன குவெஸ்ட்டைச் சொல்ல வேண்டும். கதை தொடங்கும் கெஃபலோனியா தீவிலேயே வந்துவிடும். காய்ச்சல் பரவிய ஒரு கிராமத்தை எரித்துவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பூசாரியும் வீரர்களும் கொல்லப் போகிறார்கள். நோய் பரவாமலிருக்க வேறு வழியில்லை என்கிறார் பூசாரி. தங்களுக்கு ஒன்றுமில்லை என்று கெஞ்சுகிறது குடும்பம். பெரும்பாலானவர்கள் தடுத்து நிறுத்திக் காப்பாற்றிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு கப்பல் ஏறிவிடுவார்கள். பல மணி நேரம் கழித்து ஏதாவது வேலையாக அந்தத் தீவுக்குத் திரும்பினால், தீவு முழுக்க நோய் பரவிக் கிடக்கும். முன்கூட்டி எச்சரிக்கை எதுவும் கிடையாது. கி.மு. 430-இல் ஏதென்ஸைப் பிடித்த கொள்ளைநோய் பின்னால் கதையில் வரும்போது, அது வெறும் வரலாற்றுத் தகவலாகத் தெரியாததற்கு இந்த ஒரு குவெஸ்ட் போதும்.

இதே கேம்தான் போரை மட்டும் பொம்மை ஆக்கிவைத்திருக்கிறது. ஒரு மாகாணத்தைப் பலவீனப்படுத்தி, பெரும் சண்டையில் கலந்து, ஏதென்ஸ் கொடியை இறக்கி ஸ்பார்ட்டா கொடியை ஏற்றலாம். அடுத்த வாரம் திரும்ப மாற்றலாம். கதையில் ஒரு துரும்பும் அசையாது. கொடி மாற்றத்தைக் கொஞ்ச நாளில் விட்டுவிடுவீர்கள்.

நேரம்தான் உண்மையான சிக்கல். நடுப்பகுதியில் லெவல் போதவில்லை என்று கதை நிற்கும். அதைத் தாண்டக் கோட்டைகளும் குகைகளுமாகச் சுற்ற வேண்டும். வெளியான நேரத்தில், எக்ஸ்பியை (லெவல் ஏறச் சேர்க்கும் புள்ளிகள்) ஒன்றரை மடங்காக்கும் பூஸ்ட்டை உண்மைக் காசுக்குக் கேமுக்குள்ளேயே விற்றார்கள். வேகத்தடையை வைத்தவனே தாண்டக் காசு கேட்கிறான் என்று அப்போது எழுந்த கோபம் நியாயமானது. வாங்காமலே சமாளிக்கலாம். கூலிப்படையினரை வேட்டையாடுவதும், கோஸ்மோஸ் என்ற ரகசியக் கூட்டத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடிப்பதும் சுவாரசியமானவை, லெவலும் தானாக ஏறும்.

தொடங்கும்போது கேம் எக்ஸ்ப்ளோரேஷன் மோடா, கைடட் மோடா என்று கேட்கும். எக்ஸ்ப்ளோரேஷனை எடுங்கள். இலக்கின் மேல் அம்புக்குறி இருக்காது. ஆற்றுக்குத் தெற்கே, இன்ன கோயிலுக்குக் கிழக்கே என்று குறிப்புகள் மட்டும் வரும். தேடிப் போகிற வழியில்தான் இந்த கேமின் நல்ல விஷயங்கள் இருக்கின்றன.

முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், வித்தியாசமான ஆட்களோடு வாய்கொடுக்க வேண்டும் என்பவருக்கு ஒடிசி. பாதியில் நிறுத்தினாலும் நிறைவு மிஞ்சுவது இதில்தான் என்பது என் கணிப்பு. கதை முடிவு தெரியாமல் தூக்கம் வராதவர் தள்ளி நிற்கலாம்.

## வல்ஹாலா: தவணை முறையில் படிக்கும் தொடர்கதை

ஈவோர் என்ற வைகிங்தான் நீங்கள். நார்வேயிலிருந்து கிளம்பிய ஈவோரின் கூட்டம் இங்கிலாந்தில் ரேவன்ஸ்தோர்ப் என்ற ஊரை எழுப்புகிறது. மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, நார்த்தம்பிரியா, வெசெக்ஸ் என்று ஒவ்வொரு பகுதியாகப் போய்க் கூட்டணி சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட்.

நான்கிலும் கட்டாய நேரம் அதிகம் இதற்குத்தான். ஆனால் கட்டமைப்பு உங்களுக்குச் சாதகமானது. ஒவ்வொரு பகுதியும் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிகிற தனிக்கதை. ஓரிடத்தில் மூன்று நண்பர்களில் துரோகி யார் என்று நீங்களே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், தவறான ஆளைக் கைகாட்டினால் அதுவே நடக்கும். இன்னோரிடத்தில் பலவீனமான ஓர் இளவரசனை அரியணையில் உட்காரவைத்துக் கல்யாணமும் முடித்துவைக்க வேண்டும். ஒன்றை முடித்து இரண்டு மாதம் விட்டுவிட்டு வந்தாலும், அடுத்தது புது ஆட்களோடு புதிதாகத் தொடங்கும். வார இறுதியில் மட்டும் விளையாடுகிறவருக்கு இது பெரிய வரம்.

வழக்கமான சைடு குவெஸ்ட்டுகளும் இல்லை. வழியில் தற்செயலாகச் சிறு சம்பவங்கள் வரும். தலையில் கோடரி செருகிய நிலையில் உற்சாகமாகப் பேசிக்கொண்டு ஒருவன் நிற்பான். செய்யுளில் மாறி மாறி வசைபாடும் போட்டிகள் இருக்கும். எல்லாம் ஐந்து நிமிடம்தான். சிலருக்கு இது கிறுக்குத்தனமாகப் படும், எனக்குப் பிடித்தது.

வரலாற்றை இது நடத்தும் விதத்தில்தான் எனக்கு உறுத்தல். 865-இல் வந்திறங்கிய வைகிங் பெரும் படை எத்தனை மடங்களைச் சூறையாடியது என்பது தெரிந்த கதை. கேமிலும் மடத்தைக் கொள்ளையடித்தால்தான் ஊரைக் கட்டப் பொருள் கிடைக்கும். ஆனால் துறவி ஒருவரை வெட்டினால் ஈவோர் அப்படிச் செய்யவில்லை என்று எச்சரிக்கை வரும், தொடர்ந்து செய்தால் ஆட்டத்தை நிறுத்திப் பின்னால் கொண்டுபோய் விடும். கொள்ளை வேண்டும், கொள்ளைக்காரன் கெட்டவனாகத் தெரியக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சமாளித்ததில் வைகிங்குகள் கொஞ்சம் முரட்டுத்தனமான குடியேற்றக்காரர்களாக மாறிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இல்லாத பெரிய கற்கோட்டைகளும் அங்கங்கே நிற்கின்றன.

அயர்லாந்து, பாரிஸ் முற்றுகை, ரக்னராக் என்று பெரிய டிஎல்சிகள் மூன்று. மெயின் கதையே 60 மணி நேரம் போகிற கேமுக்கு அவற்றைச் சேர்த்து வாங்க வேண்டாம். முடித்து, இன்னும் பசி இருந்தால் அடுத்த சேலில் பார்த்துக்கொள்ளலாம்.

## கிங்டம் கம்: நீங்கள் யாரும் இல்லை

போஹீமியா, அதாவது இன்றைய செக் குடியரசு. 1403-இல் ஹங்கேரி மன்னர் சிகிஸ்மண்டின் படை ஸ்காலிட்ஸ் என்ற சிற்றூரை எரித்தது. அதில் தப்பி ஓடும் கொல்லர் மகன் ஹென்றிதான் நீங்கள். ஒடிசியில் இருப்பதுபோல் கழுகு கிடையாது, மந்திர ஈட்டி கிடையாது. வாள் பிடிக்கவே தெரியாது. மேப் வெறும் 16 சதுர கிலோமீட்டர், நான்கிலும் மிகச் சிறியது. ஆனால் அந்த ஊர்கள் எல்லாம் உண்மையில் இருப்பவை, ராட்டே கோட்டையையும் சசாவு மடத்தையும் இன்றைக்கும் நேரில் போய்ப் பார்க்கலாம்.

ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். உஷிட்ஸ் ஊரில் எழுத்தர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் ஒரேயடியாகப் புரிந்துவிடாது. படிக்கப் படிக்க எழுத்துகள் மெல்ல மெல்லச் சரியான இடத்துக்கு வரும். முன்பு திருடிவைத்து ஒன்றும் புரியாமல் கிடந்த புத்தகத்தை எடுத்து ஒரு வரி முழுசாகப் படிக்க முடிகிற நாளில் வரும் சந்தோஷத்துக்கு, ஒடிசியில் ஏறும் ஐம்பது லெவலும் ஈடாகாது.

மருந்து காய்ச்சுவதும் இப்படித்தான். மெனுவில் பட்டனை அழுத்தினால் வந்துவிடாது. செய்முறைப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கொப்பரையில் ஒயினை ஊற்றி, மூலிகையைப் போட்டு, துருத்தியை இயக்கிக் கொதிக்கவைத்து, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துக் கணக்குப் பார்த்து, இன்னொரு மூலிகையை உரலில் இடித்துப் போட வேண்டும். அப்படிக் காய்ச்சி எடுக்கிற சேவியர் ஷ்நாப்ஸ் எதற்கு என்றால், கேமை சேவ் செய்வதற்கு. நினைத்த இடத்தில் சேவ் செய்ய அந்தச் சாராயம் வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் படுக்கையில் தூங்க வேண்டும். வெளியேறும்போது சேவ் ஆகும் வசதியைப் பிறகு பேட்ச்சில் கொடுத்தார்கள், அது இல்லாமல் இருந்திருந்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைத்திருக்கவே மாட்டேன்.

சட்டையில் ரத்தக் கறையோடு பிரபு முன்னால் போய் நின்றால் பேச்சு எடுபடாது. முகமூடி வைத்த ஹெல்மெட் போட்டால் திரையில் ஒரு கீற்றுத்தான் தெரியும். சில வேலைகளை ஒப்புக்கொண்டுவிட்டு ஊர் சுற்றப் போனால், நீங்கள் இல்லாமலே அது முடிந்திருக்கும், நல்லபடியாக இல்லை.

அதனால்தான் விட்டுத் திரும்ப இது மோசமானது. சண்டை முழுக்கக் கைப்பழக்கம். ராட்டேயில் கேப்டன் பெர்னார்டிடம் மணிக்கணக்கில் பழகியதெல்லாம் ஒரு மாத இடைவெளியில் காணாமல் போகும். காட்டில் இரண்டு வழிப்பறிக்காரர்கள் சேர்ந்து வந்தாலே கதை முடிந்தது. தொடக்க நாட்களில் கைவிடுகிறவர்களும் அதிகம். பூட்டு உடைக்கும்போது கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றாதவர் யாரும் இல்லை.

தொடர்ச்சியாக இரண்டு மாதம் ஓரளவு நேரம் ஒதுக்க முடிகிறவர், அந்தக் காலத்தில் சாதாரண மனிதன் எப்படி இருந்திருப்பான் என்று யோசிக்கிறவர், மேப்பில் ஐகான்களைப் பார்த்து அலுத்தவர் இதை எடுக்கலாம். எனக்கு நான்கிலும் பிடித்தது இதுதான். ஆனாலும் எதை வாங்கட்டும் என்று கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதை அல்ல.

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எல்லா வகையிலும் மெருகேறியது, குட்டென்பெர்க் என்ற வெள்ளிச் சுரங்க நகரமே தனி அனுபவம். பிசி வலுவாக இருந்தால் நேராக அதற்கே போகலாம், கதை புரியும். எழுத்தறியாத ஹென்றியைத்தான் பார்க்க முடியாது.

## இவற்றுக்கு வெளியே ஒன்று

ஜப்பான் வேண்டும் என்பவர்களுக்கு கோஸ்ட் ஆஃப் சுஷிமா. 1274-இல் மங்கோலியப் படை கொமோடா கரையில் இறங்கிய கதை. கட்டாய நேரம் 25 மணிதான், அம்புக்குறிக்குப் பதில் காற்று வழிகாட்டும், கைக்கும் சுலபம். வரலாறு மெல்லிசு. அந்தக் காலத்தில் இல்லாத ஹைக்கூவை எல்லாம் கதாநாயகன் ஜின் எழுதுவான். அழகுக்காக வாங்குங்கள். 2024-இல் பிசிக்கு வந்தபோது சோனியின் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் இல்லாத நாடுகளில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இதை விற்கவில்லை, உங்கள் நாட்டில் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## விலைப்பட்டியலில் தெரியாதவை

மூன்று அசாசின்ஸ் கிரீட் கேம்களையும் ஸ்டீமில் வாங்கினாலும் யூபிசாஃப்ட் கனெக்ட் கணக்கு தனியாக வேண்டும். பழைய ஈமெயிலில் எப்போதோ திறந்த கணக்கின் பாஸ்வேர்டைத் தேடுவதில் முதல் நாள் போய்விடும்.

டிஸ்கில் வல்ஹாலாவுக்கு டிஎல்சிகளோடு நூறு ஜிபிக்கு மேல் காலியாக வைத்திருங்கள். கிங்டம் கம் இரண்டாம் பாகத்துக்கும் நூறு ஜிபி எஸ்எஸ்டி கேட்கிறார்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும்.

ஒரிஜின்ஸ் சிபியுவைத் தின்னும் என்று வெளியானபோதே பெயர் எடுத்தது. கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தும் அலெக்சாந்திரியாவுக்குள் நுழைந்ததும் திணறினால் காரணம் அதுவாக இருக்கலாம். பழைய நாலு கோர் பிசி வைத்திருப்பவர்கள் கூட்ட நெரிசல் உள்ள ஊர்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிங்டம் கமில் ராட்டேயும் அப்படித்தான்.

தமிழ் சப்டைட்டில் எதிலும் இல்லை. ஒடிசியிலும் கிங்டம் கமிலும் பேச்சு நிறைய, ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க வேண்டியிருக்கும். வல்ஹாலாவில் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், சோபாவில் உட்கார்ந்து டிவியில் விளையாடுகிறவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

கோல்டு எடிஷன், அல்டிமேட் எடிஷன் என்று எல்லாம் சேர்த்து விற்பார்கள். முதல் தடவைக்குச் சாதாரணப் பதிப்பு போதும். ஒரிஜின்ஸும் ஒடிசியும் சேலில் எண்பது சதவீதத்துக்கு மேல் தள்ளுபடியில் பலமுறை வந்தவை, முழு விலைக்கு வாங்க எந்தக் காரணமும் இல்லை.

## திருப்பிக் கொடுப்பதென்றால்

ஸ்டீமில் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த நான்கில் அந்த இரண்டு மணி நேரம் ஒரே மாதிரி உதவாது. ஒரிஜின்ஸில் அதற்குள் சீவாவைச் சுற்றி, ஒரு முகாமை அடித்து, மீதி கேம் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒடிசியில் கெஃபலோனியாவைத் தாண்டியிருக்க மாட்டீர்கள், கப்பலே கைக்கு வந்திருக்காது. ஆனால் பேச்சும் அலைச்சலும் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். வல்ஹாலாவில் இன்னும் நார்வேயில்தான் இருப்பீர்கள், இங்கிலாந்து கண்ணிலேயே பட்டிருக்காது. கிங்டம் கமில் ஸ்காலிட்ஸ் எரிந்து ஓடிக்கொண்டிருப்பீர்கள், பெர்னார்டிடம் வாள் பயிற்சியோ படிப்போ தொடங்கவே இல்லை. ஆகவே கடைசி இரண்டையும் வாங்குவதற்கு முன் யாராவது விளையாடும் வீடியோவில் முதல் மணி நேரத்தை விட்டுவிட்டு, பத்தாவது மணி நேரத்தைப் போட்டுப் பாருங்கள். வல்ஹாலாவில் ஏதாவது ஒரு கூட்டணிக் கதை, கிங்டம் கமில் ராட்டேக்கு வெளியே ஒரு சண்டை. அது பிடித்தால் வாங்கலாம்.